நொச்சி வலியைக் குறைக்கிறதா, உடம்புக்கு ஆகுமா? சோதித்துப் பார்க்கும் வழி

மூலிகை ஒன்றை எடுத்து வலி நிவாரண ஆய்வு செய்யப்போகிறேன் என்று வருகிறவர்களின் திட்டம் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். இலையைப் பறிக்க வேண்டியது, மெத்தனாலில் ஊறப்போட வேண்டியது, 200, 400 மி.கி. என்று இரண்டு அளவில் எலிக்குக் கொடுக்க வேண்டியது, டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தோடு ஒப்பிட்டு ‘குறிப்பிடத்தக்க விளைவு காணப்பட்டது’ என்று முடிக்க வேண்டியது. செய்முறையில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் யாரும் நொச்சியை மெத்தனாலில் ஊறப்போட்டுக் குடிப்பதில்லை. நடவு முடிந்து இடுப்பு பிடித்துக்கொண்டால் இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கிறார்கள், தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார்கள், தலைபாரத்துக்கு வேது பிடிக்கிறார்கள், சில வீடுகளில் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். இதில் எதைச் சோதிக்கிறோம் என்று முடிவு செய்யாமல் ஆரம்பித்தால், கடைசியில் கிடைக்கும் விடை யாரும் கேட்காத கேள்விக்கு உரியதாக இருக்கும்.

இது முதுநிலை மருந்தியல், தாவரவியல், சித்த மருத்துவ மாணவர்களுக்காக எழுதியது, அதாவது பின்னால் ஒரு ஆய்வகமும் வழிகாட்டியும் நெறிமுறைக் குழுவும் இருப்பவர்களுக்கு. வீட்டில் தானே குடித்துப் பார்க்கிறேன், அப்பாவுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு அல்ல. உதாரணத்துக்கு நொச்சியை எடுத்திருக்கிறேன், வேலியிலும் வாய்க்கால் கரையிலும் தாராளமாகக் கிடைக்கிறது என்பதால். முடக்கத்தான், வாதநாராயணன், தழுதாழை எதுவாக இருந்தாலும் வழி இதேதான்.

முதல் வேலை கேட்பது

ஆய்வகத்துக்குப் போகுமுன் பயன்படுத்துகிறவர்களிடம் போங்கள். பரம்பரை வைத்தியர், நாட்டு மருந்துக்கடைக்காரர், வயலில் வேலை செய்யும் பெண்கள். ‘நொச்சி எதுக்கு நல்லது?’ என்று கேட்டால் ‘எல்லாத்துக்கும்தான்’ என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘பாட்டி, போன தடவை எப்போ வச்சீங்க, யாருக்கு, எந்த இடத்துல வலி, எத்தனை பிடி போட்டீங்க?’ என்று கேளுங்கள். பச்சை இலையா காய்ந்ததா, துளிரா முற்றியதா, காம்பை ஆய்ந்து போடுவாரா கொத்தோடு போடுவாரா, எத்தனை தம்ளர் தண்ணீர் எவ்வளவாக வற்ற வேண்டும், எத்தனை நாள், யாருக்குக் கொடுக்க மாட்டார். இந்தக் கடைசிக் கேள்விதான் பாதுகாப்பு ஆய்வுக்கு முதல் துப்பு. ‘மாசமா இருக்கிறவளுக்குக் குடுக்க மாட்டேன்’ என்றோ ‘வெறும் வயித்துல ஆகாது’ என்றோ ஒருவர் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யாரோ எப்போதோ பட்டுத் தெரிந்துகொண்டதாக இருக்கலாம்.

ஒரு சின்னத் தராசை எடுத்துப் போங்கள். ‘ஒரு பிடி எடுங்க’ என்று சொல்லி, அவர் கையால் எடுத்ததை எடை போடுங்கள், நாலைந்து பேரிடம். ஒருவர் பிடி இன்னொருவர் பிடியைவிட இரண்டு மடங்கு இருக்கும். அந்த எடைதான் பின்னால் எலிக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கின் அடிப்படை. எழுத்து வடிவில் வேண்டுமென்றால் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வைத்தியச் சுவடிகள் இருக்கின்றன. இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்று ஒன்றை வைத்து மருந்துகளைச் செய்து பார்த்த ஊர் அது. ஆனால் சுவடியில் இருப்பதும் இன்று வீட்டில் செய்வதும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதைச் சோதிக்கிறீர்களோ அதைத் தெளிவாக எழுதுங்கள்.

நொச்சிதானா அது?

பேரை நம்பிப் பறிக்காதீர்கள். நொச்சி என்பது வைடெக்ஸ் நெகுண்டோ, பெரும்பாலும் ஐந்து சிற்றிலை, சில கிளைகளில் மூன்று, அடிப்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருக்கும், பூ நீலம் கலந்த ஊதா. கடற்கரைப் பக்கம் நீர்நொச்சி என்று இன்னொன்று உண்டு, அது வைடெக்ஸ் டிரைஃபோலியா. கருநொச்சி என்று கேட்டால் பல இடங்களில் ஜஸ்டிசியா ஜெண்டருசாவைக் கொடுப்பார்கள், அது குடும்பமே வேறு. அதனால் பூவோடு ஒரு கிளையை வெட்டி, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, ஹெர்பேரியம் (உலர்தாவரச் சேகரிப்பு) தாளில் ஒட்டி, பறித்த இடம், தேதி எழுதி, ஒரு தாவரவியலாளரிடம் உறுதிச் சான்று வாங்கி, மாதிரி எண்ணோடு ஒப்படைத்துவிடுங்கள். டெல்டாக்காரர்களுக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியம் பக்கம். கோவையில் பொட்டானிக்கல் சர்வேயின் தென்மண்டல அலுவலகமும் இருக்கிறது. இந்த எண் இல்லாத ஆய்வுக்கு மதிப்பில்லை, நீங்கள் எதைச் சோதித்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

பறிக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வரப்பில் நிற்கும் நொச்சி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்தால் அதன் மேலும்தான் படும். சம்பா பயிர் நிற்கும்போது வரப்பில் பறித்துவிட்டு, கல்லீரல் நொதி ஏறியதற்கு நொச்சியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. சாலை ஓரம், சாக்கடை ஓரமும் வேண்டாம். அறுவடை முடிந்து தை, மாசியில், வயலிலிருந்து தள்ளி இருக்கும் செடியில் பறிப்பது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் இலை காயாது, நான்காம் நாள் வெள்ளையாகப் பூசணம் பூத்து நிற்கும். பூசண நஞ்சு சேர்ந்த இலையை வைத்து நச்சுத்தன்மை பார்த்து என்ன பயன்?

நிழலில், காற்றோட்டமாக, மெல்லிசாகப் பரப்பிக் காயவையுங்கள். கையில் நொறுக்கினால் சத்தம் போட்டு நொறுங்க வேண்டும். மிக்சியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும், ஒரே மூச்சில் ஓட்டினால் சூடேறி வாசனை போய்விடும். அந்த வாசனைதான் ஆவி எண்ணெய், வேது பிடிக்கிறவர்களுக்கு வேலை செய்வதும் அநேகமாக அதுதான். பொடியில் ஈரப்பதம், சாம்பல் அளவு, கன உலோகம் பார்த்துவிடுங்கள். ஈயம் 10 பிபிஎம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3, இதுதான் இங்கே ஆயுஷ் மருந்துகளுக்கான மேல்வரம்பு. இதைத் தாண்டினால் அந்த மூட்டையை ஓரம் கட்டிவிட்டு வேறு இடத்தில் பறியுங்கள்.

கடையில் வாங்கிய ‘மூட்டுவலிப் பொடி’யைச் சோதிக்கிறீர்கள் என்றால் கூடுதலாக ஒரு வேலை. மெல்லடுக்குப் பிரிப்பிலோ எச்பிஎல்சி என்ற பிரித்தறியும் கருவியிலோ டைக்ளோஃபெனாக்கோ டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோ கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூலிகை என்ற பேரில் விற்கும் வலி மருந்துகளில் இந்த இரண்டு வகையும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டே நாளில் பறந்தோடும் வலியைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

சாறும் அளவும்

கஷாயத்தைச் சோதிக்கிறீர்கள் என்றால் கஷாயமே வையுங்கள், பாட்டி சொன்ன விகிதத்தில், பாட்டி சொன்ன அளவு வற்றும்வரை. வடிகட்டி, உறைநிலை உலர்த்தியில் பொடியாக்குங்கள். அது இல்லையென்றால் குறைந்த சூட்டில் நீர்க்குளியலில் வற்றவிடலாம். நீர்ச் சாறு சீக்கிரம் கெடும், மூடி இறுக்கி குளிரில் வைக்க வேண்டும். ஆல்கஹால் சாறும் செய்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தேட அது உதவும். ஆனால் முதன்மை ஆய்வு கஷாயத்தின் மேல் இருக்கட்டும். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் எச்பிடிஎல்சி (கருவியில் செய்யும் மெல்லடுக்குப் பிரிப்பு) தடம் ஒன்று எடுத்து வைத்தால் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறதா என்று தெரியும். நொச்சிக்கு நெகுண்டோசைடு, அக்னுசைடு, காஸ்டிசின் மூன்றையும் அடையாளப் பொருளாகப் பார்ப்பார்கள்.

இப்போது கணக்கு. 200, 400 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘நச்சுச் சோதனையின் மேல் அளவான 2000இல் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று’ என்பார்கள். அது வெறும் பழக்கம். மனிதர் குடிக்கும் அளவிலிருந்து கீழே இறங்கி வருவதுதான் சரி. ஒரு நாளைக்கு 10 கிராம் காய்ந்த இலையைக் கஷாயம் வைக்கிறார்கள், அதிலிருந்து 12 விழுக்காடு சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1.2 கிராம். 60 கிலோ ஆளுக்கு ஒரு கிலோவுக்கு 20 மி.கி. உடற்பரப்பை வைத்து மாற்றும்போது சுண்டெலிக்கு 12.3ஆல் பெருக்க வேண்டும், எலிக்கு 6.2ஆல். ஆக கிலோவுக்கு, சுண்டெலிக்குச் சுமார் 250 மி.கி., எலிக்குச் சுமார் 125. சுண்டெலிக்கு 125, 250, 500 என்று மூன்று அளவு வைத்தால், வீட்டு அளவும் அதற்குப் பாதியும் இரண்டு மடங்கும் வந்துவிடும். ‘ஏன் இந்த அளவு?’ என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் கையில் இருக்கும்.

25 கிராம் சுண்டெலிக்கு 250 மி.கி. அளவு என்றால் 6.25 மி.கி. சாறு. கிலோவுக்கு 10 மி.லி. வீதம் கொடுத்தால் 0.25 மி.லி., அதாவது மி.லி.க்கு 25 மி.கி. இருக்கும்படி 0.5 விழுக்காடு சிஎம்சி (சாறு மிதந்து கலந்திருக்க உதவும் பசைப்பொருள்) கரைசலில் கலக்க வேண்டும். சாறு அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு தடவை உறிஞ்சுமுன்னும் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் முதல் எலிக்குத் தண்ணியும் கடைசி எலிக்கு மண்டியும்தான் போகும்.

எலியைத் தொடுமுன் காகித வேலை

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைக்கூட வாங்கக் கூடாது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அதன் கீழ் 1998இல் வந்த விதிகள், இவற்றின்படி உங்கள் நிறுவனத்தின் விலங்குக் கூடம் சிசிஎஸ்இஏ என்ற மத்திய அரசின் விலங்குச் சோதனை மேற்பார்வைக் குழுவில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய ஆட்கள் அதை இன்னும் சிபிசிஎஸ்இஏ என்றுதான் சொல்வார்கள். படிவம் பி நிரப்பும்போது எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, விலங்கு இல்லாமல் செய்ய முடியாதா என்ற மூன்றுக்கும் நேரடியாகப் பதில் எழுதுங்கள். ஒவ்வொரு எலிக் குழுவுக்கும் ஆறு என்பது எல்லாரும் போடும் எண், நெறிமுறைக் குழு ஏற்றுக்கொள்ளும், இருந்தாலும் முன்பு வந்த முடிவுகளின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்கிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

கூடத்தில் 22 டிகிரி, மூன்று கூடக் குறைய, 12 மணி நேரம் வெளிச்சம் 12 மணி நேரம் இருட்டு. கத்திரி வெயிலில் கரண்ட் போனால் நாகப்பட்டினத்தில் இது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டர் இல்லாத கூடத்தில் மே மாதத்தில் வலி ஆய்வு வைக்காதீர்கள், புழுங்கித் தவிக்கும் எலி மருந்துக்குப் பதில் சொல்லாது.

மார்பின் ஒப்பீட்டு மருந்தாக வேண்டும் என்றால் 1985 போதைப்பொருள் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், 2018 முதல் ட்ரமடாலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாதக்கணக்கில் இழுக்கும், முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

பாதுகாப்பு முதலில், வலி அப்புறம்

ஒரே தடவை கொடுத்து நச்சு பார்ப்பதற்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 423ஆம் எண் முறையைத்தான் இங்கே அதிகம் செய்கிறார்கள். இரவு முழுக்கப் பட்டினி போட்ட மூன்று பெண் எலிகள் (சுண்டெலிக்கு மூன்று, நாலு மணி நேரப் பட்டினி போதும்), ஒரே தடவை வாய்வழி. படிகள் கிலோவுக்கு 5, 50, 300, 2000 மி.கி. ஒன்றும் தெரியாத செடி என்றால் 300இல் தொடங்குங்கள். நொச்சி மாதிரி நெடுநாள் புழக்கத்தில் உள்ளது என்றால் 2000இலேயே எல்லைச் சோதனை வைக்கலாம். மூன்றில் ஒன்றும் சாகவில்லை, அல்லது ஒன்றுதான் செத்தது என்றால் அதே அளவில் இன்னொரு மூன்று. இரண்டோ மூன்றோ செத்தால் படி இறங்க வேண்டும். முதல் அரை மணி கண்ணெடுக்காமல் பாருங்கள், முதல் 4 மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள், பிறகு 14 நாள் தினமும். மயிர் சிலிர்ப்பது, எச்சில் வடிவது, நடுக்கம், வலிப்பு, பேதி, சுருண்டு படுப்பது, எடை இறங்குவது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். பதினான்காம் நாள் அறுத்து உறுப்புகளைப் பாருங்கள்.

இதன் முடிவை எழுதும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆறு எலியும் பிழைத்தால் ‘இந்த மூலிகை பாதுகாப்பானது’ என்று எழுதக் கூடாது. ‘ஒரே தடவை வாய்வழி கொடுத்தபோது எல்டி50 (பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு) கிலோவுக்கு 2000 மி.கி.க்கு மேல்’, இவ்வளவுதான் தெரியும். எலிக்கும் சுண்டெலிக்கும் வாந்தி எடுக்க வராது என்பதையும் மறக்க வேண்டாம். குடித்ததும் குமட்டி வாந்தி வரவைக்கும் செடி எலியிடம் சாதுவாக நடந்துகொள்ளும்.

மூட்டுவலிக் கஷாயத்தை யாரும் ஒரே நாள் குடிப்பதில்லை. எனவே 28 நாள் ஆய்வு, ஓஇசிடி 407, தவிர்க்க முடியாதது. மூன்று அளவும் மருந்தில்லாத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவும், ஒவ்வொன்றிலும் 5 ஆண் 5 பெண், மொத்தம் 40. வாராவாரம் எடை, தீனி அளவு. கடைசியில் ரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், யூரியா, கிரியேட்டினின், உறுப்பு எடை, திசு ஆய்வு. எண்ணிக்கை பெரிது, செலவும் பெரிது, வழிகாட்டி யோசிப்பார். என் கருத்து, வலி ஆய்வில் இரண்டு முறையைக் குறைத்துவிட்டாவது இதைச் செய்யுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நம் ஊர்ச் செடிகளே. ஆடுதீண்டாப்பாளை டெல்டாவில் சர்வசாதாரணம், பெயரைக் கேட்டாலே மருந்து என்று ஞாபகம் வரும். அது அரிஸ்டோலோக்கியா இனம், அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோதுதான் உலகமே அந்த இனத்தைத் திரும்பிப் பார்த்தது. பல வருடம் கழித்து வரும் புற்றுநோயை 14 நாள் சோதனை எப்படிக் காட்டும்? வேதாரண்யம் பக்கம் செங்காந்தளைப் பாருங்கள். அதன் கிழங்கான கண்வலிக் கிழங்கில் உள்ள கொல்ச்சிசின் கீல்வாத வலிக்கு இன்றும் மருத்துவர் எழுதித் தரும் மருந்து, அதே கிழங்கைத் தெரியாமல் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். வலி தீர்க்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதுதான் கேள்வி. வலி ஆய்வையும் நச்சு ஆய்வையும் ஒரே சாற்றில், ஒரே தொகுதியில், ஒரே அளவுகோலில் செய்தால்தான் அந்த இடைவெளியைச் சொல்ல முடியும்.

வலியை அளப்பது

எலி ‘வலிக்கிறது’ என்று சொல்லாது, அது செய்வதைத்தான் எண்ண முடியும். அதனால் ஒரு முறையை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, குறைந்தது இரண்டு, மூன்று இருந்தால் நல்லது.

அசிட்டிக் அமில நெளிவு முறை எல்லாருக்கும் பிடிக்கும், செலவு குறைவு. கஷாயச் சாற்றை வாய்வழி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, 0.6 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை கிலோவுக்கு 10 மி.லி. வீதம் வயிற்றறைக்குள் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் சுண்டெலி வயிற்றை எக்கி, உடலை நீட்டி, பின்னங்காலை இழுத்து நெளியும். சில சமயம் பாதி நெளிந்துவிட்டு நிறுத்திவிடும், அதை எண்ணுவதா வேண்டாமா என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு எந்தக் கூண்டு என்பதைப் பொறுத்து விரல் மடங்கும். 5 நிமிடம் விட்டு அடுத்த 20 நிமிடம் எண்ணுவது வழக்கம். கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி 40, சாறு கொடுத்தவை 22 என்றால் தடுப்பு 45 விழுக்காடு. இந்த முறையின் குறை என்னவென்றால், வலி நிவாரணி இல்லாததும் இதில் தேறிவிடும். தசையைத் தளர்த்தும் மருந்து, ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்துகூட நெளிவைக் குறைக்கும்.

சூட்டுத்தட்டு 1944இல் வுல்ஃபும் மெக்டொனால்டும் கொண்டுவந்தது. 55 டிகிரி தட்டில் சுண்டெலியை விட்டு, பின்னங்காலை நக்கும் அல்லது குதிக்கும் நொடியைக் கடிகாரத்தில் பிடித்து, உடனே எடுத்துவிட வேண்டும். 15 நொடி என்று வெட்டு நேரம் வைத்தால் அதற்குமேல் ஒரு நொடிகூட விடக் கூடாது, பாதம் பொசுங்கிவிடும். மருந்துக்கு முன் 5 நொடி, பின் 8 நொடி, வெட்டு நேரம் 15 என்றால் (8-5)ஐ (15-5)ஆல் வகுத்து 30 விழுக்காடு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் தட்டில் உள்ள எண்ணை நம்பாமல் தனி வெப்பமானியை வைத்துப் பாருங்கள். இந்த முறை மூளை, தண்டுவட வழியாக வேலை செய்யும் மருந்தைத்தான் காட்டும், டைக்ளோஃபெனாக் மாதிரி உள்ளது இதில் பெரிதாகத் தெரியாது. 1941இல் டிஅமோர், ஸ்மித் இருவரும் கொண்டுவந்த வால் சுண்டல் முறையும் இதே வகைதான்.

ஒரே ஒரு முறைதான் செய்ய முடியும் என்றால் நான் ஃபார்மலின் முறையைத்தான் சொல்வேன். பாதத்தில் 20 மைக்ரோலிட்டர் நீர்த்த ஃபார்மலின், பின் அந்தக் காலை எத்தனை நொடி நக்குகிறது, கடிக்கிறது என்று அளப்பது. முதல் 5 நிமிடம் ஒரு கட்டம், நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவது. கொஞ்ச நேரம் அடங்கியிருந்துவிட்டு 15 முதல் 30 நிமிடம் வரை இரண்டாவது கட்டம், அது அழற்சி வலி. சாறு இரண்டாவதை மட்டும் குறைத்தால் அழற்சி வழி, இரண்டையும் குறைத்தால் மையநரம்பு வழியும் இருக்கலாம். அப்போது மார்பின் வகை மருந்தின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் கொடுத்துவிட்டுத் திரும்பச் செய்து பாருங்கள், விளைவு மறைந்தால் ஓபியாய்டு (மார்பின் வகை) ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு. வீக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றால் எலிப் பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் 1 விழுக்காடு கராஜீனன் 0.1 மி.லி. போட்டு பாதத்தின் கனஅளவை மணிக்கு ஒரு முறை அளக்கலாம், 1962இல் வின்டர் குழுவினர் சொன்ன முறை அது.

எதைச் செய்தாலும் ரோட்டாராடு சோதனையை விடாதீர்கள். சுழலும் தண்டில் மருந்து கொடுத்த சுண்டெலி நிற்கிறதா, விழுகிறதா. மயங்கிக் கிடக்கிற எலியும் நெளியாது, தட்டில் குதிக்காது, காலை நக்காது. தூக்கத்தை வலி நிவாரணம் என்று எழுதிவிட்டால் பிறகு எவ்வளவு புள்ளியியல் போட்டாலும் திருத்த முடியாது.

எண்ணுகிறவருக்கு எந்தக் கூண்டில் எந்த மருந்து என்று தெரியக் கூடாது. குப்பிகளுக்கு ஒருவர் குறியீடு போடட்டும், இன்னொருவர் கொடுக்கட்டும், மூன்றாமவர் எண்ணட்டும். ஆள் இல்லையென்றால் வீடியோ எடுத்து வைத்துக் கொண்டு பிறகு எண்ணுங்கள். எந்த எலி எந்தக் குழுவுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், கைக்குச் சிக்கும் முதல் ஆறு எலி எப்போதும் மந்தமான எலிகள்தான். எல்லா நாளும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். முடிந்ததும் விலங்கை வலியில் விட்டுவைக்காமல் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறையில் முடித்துவிட வேண்டும்.

விலங்குக் கூடமே இல்லாத கல்லூரியில், முட்டை வெள்ளைக்கருப் புரதம் திரிவதைத் தடுக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘வலி நிவாரணி’ என்று தலைப்பு வைப்பது உண்டு. அது ஒரு குழாயில் நடக்கும் வேதியியல், வலிக்கும் அதற்கும் ரொம்ப தூரம். அழற்சியில் பங்குள்ள காக்ஸ் நொதியின் தடுப்பு, செல் வளர்ப்பில் அழற்சிக் காரணிகள் இதெல்லாம் செய்யலாம், நல்ல வேலைதான், தலைப்பில் அதையே எழுதுங்கள்.

ஒத்தடத்தை என்ன செய்வது?

நொச்சியின் பெரும் பயன் வெளிப்பூச்சாக இருக்கும்போது இதை விட்டுவிட முடியாது. சுடச்சுட ஒத்தடம் கொடுத்தால் வலி குறையும், இலை எதுவானாலும். சூடே பாதி வேலையைச் செய்துவிடும், மீதியில் கொஞ்சத்தைக் கொடுக்கிற கையின் அழுத்தம் செய்யும். எனவே நொச்சி ஒத்தடத்துக்கு ஒப்பீடு சும்மா விட்ட ஆள் இல்லை, அதே சூட்டில், அதே நேரம், அதே துணியில் கட்டிய உப்பு அல்லது தவிட்டு ஒத்தடம். வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது இதில் பெரிய தலைவலி. முழுக்க மறைக்க முடியாது, ஆனால் வலியைக் கேட்டு எழுதுகிறவருக்காவது எது என்று தெரியாமல் வைக்கலாம். தோலுக்கான பாதுகாப்பும் தனி, வாய்வழி முடிவு இங்கே செல்லாது. தோல்வழி நச்சுக்கு ஓஇசிடி 402, எரிச்சலுக்கு விலங்கில்லாமல் செயற்கைத் தோல்திசுவில் செய்யும் ஓஇசிடி 439.

மனிதரிடம் போகிறீர்கள் என்றால் நிறுவன மனித நெறிமுறைக் குழு, முதல் ஆளைச் சேர்க்குமுன் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு, தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் மூன்றும் வேண்டும். வலியை 100 மி.மீ. கோட்டில் குறிக்கச் சொல்வது வழக்கம், வயலில் வேலை செய்யும் பல பெண்களுக்கு அந்தக் கோடு ஒன்றும் சொல்லாது. ‘குனிஞ்சு நாத்து பறிக்க முடியுதா, குடத்தைத் தூக்க முடியுதா, ராத்திரி புரண்டு படுக்கும்போது முழிப்பு வருதா’ என்றும் கேட்டு எழுதுங்கள். கூடவே மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்பார்கள், பெட்டிக்கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரை அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை, ‘நேத்து வலிக்கு என்ன போட்டீங்க?’ என்று கேட்டால்தான் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து இருந்தால் ஆய்வில் சேர்க்க வேண்டாம், கர்ப்பிணிகளையும் பாலூட்டுகிறவர்களையும் கண்டிப்பாக வேண்டாம்.

எழுதும்போது பலன் கிடைக்காத அளவையும் எழுதுங்கள், இறந்த விலங்கையும் எழுதுங்கள். விலங்கு ஆய்வை எழுதுவதற்கான அரைவ் வழிகாட்டியின் 2020 பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் எதுவும் விடுபடாது. பல அளவுகளைக் கட்டுப்பாட்டோடு ஒப்பிடும்போது அனோவா, டன்னட் என்ற புள்ளியியல் சோதனைகள் போதும், ஜோடி ஜோடியாக டி-சோதனை போட்டுக்கொண்டே போகாதீர்கள். மிச்சச் சாற்றில் கொஞ்சத்தை மாதிரி எண், காய்ச்சிய தேதி எழுதி மைனஸ் 20இல் வைத்துவிடுங்கள். ஆய்வேடு கொடுத்த பிறகுதான் யாராவது ‘அந்தத் தொகுதியின் எச்பிடிஎல்சியைக் காட்டுங்கள்’ என்று கேட்பார்கள், அப்போது புதிதாகப் பறித்த இலை உதவாது.